1914 என்று எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள்

அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணை ஒழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கறுப்புப் பெட்டி ஒன்று கிடைக்கிறது. திறந்தால் தாத்தா வாசித்த சாக்ஸபோன். வெள்ளிப் பூச்சு கறுத்து, துளைகளை மூடும் பேடுகள் காய்ந்து சுருண்டு கிடக்கின்றன. முன்பக்கம் 'சி.ஜி. கான், எல்க்ஹார்ட், இண்டியானா' என்று செதுக்கியிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் 'டிசம்பர் 8, 1914' என்று ஒரு முத்திரை! நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்று வீடே துள்ளுகிறது. விற்பனை விளம்பரத்திலும் அப்படியே போட்டுவிடுகிறார்கள்.

பாவம், அது சாக்ஸபோன் பிறந்த தேதியே இல்லை. ஒரு காப்புரிமையின் தேதி.

அதற்கு முன்பெல்லாம் துளைகளைச் சுற்றியிருக்கும் விளிம்பைத் தனியாகச் செய்து, குழாய் மேல் பற்றவைப்பார்கள். பாஸ்டன் நகரத்துப் புல்லாங்குழல் தயாரிப்பாளர் வில்லியம் ஹெய்ன்ஸ், குழாயின் தகட்டையே மேலே இழுத்து விளிம்பாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். எண் 1119954. அந்த முறையில் செய்த கருவிகளில் கான் கம்பெனி இந்த எண்ணையும் தேதியையும் குத்தியது. அப்போது அமெரிக்கக் காப்புரிமைக்கு ஆயுள் 17 வருஷம். அதாவது 1931-லேயே காலாவதி. ஆனாலும் 1930-களின் பிற்பகுதியில் வந்த கருவிகளிலும் அதே முத்திரை இருக்கிறது! கம்பெனி பதிவான வருஷத்தைப் பார்த்துவிட்டு அதுதான் பில் தேதி என்று லெட்ஜரில் ஏற்றுவது மாதிரிதான் இதுவும். (காமர்ஸ் மாணவர்கள் மன்னிக்க.)

சரி, வயதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? அதே இடத்தில் இருக்கும் சீரியல் நம்பர்தான் வழி. எந்த எண் எந்த வருஷம் என்று பட்டியல்கள் உண்டு. ஆனால் அந்தந்தக் கம்பெனியின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு லட்சத்தை ஒட்டிய எண் கான் சாக்ஸபோனில் இருந்தால் 1920-களின் கடைசி. அதே எண் பாரிஸ் செல்மர் கருவியில் இருந்தால் 1970-களின் தொடக்கம். அரை நூற்றாண்டு வித்தியாசம்! பட்டியல்களும் தோராயமானவைதான், ஓரிரு வருஷம் முன்னே பின்னே இருக்கும்.

அதனால் கருவியின் உடம்பையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். கான் ஆல்டோவிலும் டெனரிலும் ஒரு பெண்ணின் உருவம் செதுக்கியிருந்தால் அது 1930-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. துளை விளிம்புகள் வெளிப்பக்கம் சுருட்டி விடப்பட்டிருந்தால் சுமார் 1947-க்குப் பிந்தியதாக இருக்காது. செதுக்கல் மழுங்கியிருந்தால், யாரோ தேய்த்துப் புதிதாக லேக்கர் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று, சீரியல் நம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி எழுத்து. 'எல்' என்றால் லோ பிட்ச். 'ஏ' ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ், இன்றைய சுருதி. 'எச்' என்றால் ஹை பிட்ச், சுமார் 457. அந்தக் காலத்து பாண்டு வாத்தியங்களில் பழக்கத்தில் இருந்தது. மவுத்பீஸை வெளியே இழுத்துச் சரி பண்ணிவிடலாமே என்று தோன்றும். ஒரு ஸ்வரம் சேரும், மற்றவை ஒன்றுக்கொன்று விலகிவிடும், ஏனென்றால் குழாயில் துளைகள் இருக்கும் இடமே வேறு. இன்றைய பியானோவோடு சேர்ந்து வாசிக்கவே முடியாது. வருஷத்தைத் தப்பாகச் சொன்னால் பெருமை மட்டும்தான் போகும். இந்த எழுத்தைப் பார்க்காமல் வாங்கினால் பணமே போய்விடும். விற்கிறவருக்கே பல நேரம் இது தெரியாது என்பதுதான் கொடுமை.

கான் கருவியில் இன்னொரு எழுத்தும் இருக்கும். 'ஏ' ஆல்டோ, 'டி' டெனர். 'சி' என்று இருந்தால் அது சி-மெலடி. 1920-களில் வீட்டில் பியானோ நோட்டை வைத்து அப்படியே வாசிக்கலாம் என்பதற்காக ஏராளமாக விற்றது. பார்வைக்குச் சின்ன டெனர் மாதிரியே இருக்கும். டெனர் விலை சொல்வார்கள், கொடுத்துவிடாதீர்கள்.