குரங்கணியில் புல் காயும் காலம்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். தோப்புகள் முடிந்ததும் மலை எதிரே வந்து நின்றுவிடும். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கியபடி இந்தப் பக்கம்தான் இறங்கியது.

டிசம்பரில் வந்தவர்களுக்கு இது பச்சை மலை. நான் போனது பிப்ரவரித் தொடக்கத்தில். சரிவெங்கும் ஆளுயரப் புல், வைக்கோல் நிறத்தில். கையில் வைத்துக் கசக்கினால் பொடிந்து போகிறது.

“தீ தண்ணி மாதிரி இல்ல சார். மேட்டப் பாத்துத்தான் ஓடும்” என்றார் டீக்கடைக்காரர். உண்மைதான். சரிவில் எரியும் தீ, தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. மனிதன் மூச்சிரைக்க ஏறும் மேட்டில் அது நம்மை முந்திவிடும்.

2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினர் இந்தப் புல்வெளியில்தான் தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே ஓடிப்போய்த் தூக்கி வந்தவர்கள் ஊர்க்காரர்கள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றத்துக்கு அனுமதி நிறுத்தப்படுகிறது. செயற்கைக்கோள் காட்டும் வெப்பப் புள்ளிகளை, இந்திய வன அளவை நிறுவனம் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பதிவு செய்தால் உங்கள் போனுக்கும் வரும். 375 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகவே காட்டுகிறார்கள். ஆனால், அந்தச் செயற்கைக்கோள்கள் ஒரு நாளில் சில முறைதான் தலைக்கு மேல் கடக்கின்றன. புல்லில் பிடித்த தீ அதுவரை காத்திருக்குமா? கோடை மழை தள்ளிப்போய், வெயில் சீக்கிரமே ஏறும் ஆண்டுகளில் இந்த இடைவெளி இன்னும் பயமுறுத்துகிறது.

அதனால்தான் கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். நீளமாகப் பட்டை பட்டையாகப் புல்லை வெட்டி, காற்று அடங்கிய வேளையில் ஆட்கள் சுற்றி நின்று எரிக்கிறார்கள். பெரிய தீ வந்தால் அங்கே தின்ன எதுவும் இருக்காது. அதையும் தாண்டினால் பச்சைத் தழையால் அடித்துத்தான் அணைக்க வேண்டும்.

பேசிக்கொண்டிருந்தபோதே எதிர்ச் சரிவில் மெல்லிய புகை எழுந்தது. “கோடு எரிக்கிறாங்க” என்றார் அவர். சொன்னாரே தவிர, கையில் என் டீயோடு அப்படியே நின்றார். புகை மெலியும்வரை பாய்லர் பக்கம் திரும்பவேயில்லை.