ஓடுகிற வீட்டுக்கு வைத்தியம்



வீடு என்றால் அஸ்திவாரம் இருக்கும், வாசற்படி இருக்கும். வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் என் அப்பா குடியிருக்கும் வீட்டுக்கு அவை கிடையாது. இருப்பதெல்லாம் ஆறு சக்கரம்!

திருச்செங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் எங்கள் பக்கமிருந்து மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கின்றன. துளை போடுவது ஒரு வண்டி. ராடு, கேசிங் பைப், டீசல் பேரல் சுமந்துகொண்டு கூடவே போவது சப்போர்ட் லாரி. அந்த லாரியில் கேபினை ஒட்டி ஒரு தகரக் கூண்டு. தூக்கம், மாற்றுத்துணி, சாமி படம் எல்லாம் அதற்குள்தான். அப்பா டிரில்லர். அவரோடு சேர்த்து ஆறு பேர் குடித்தனம். லாரி என்னைவிட இரண்டு வயது மூத்தது.

போன ஆடியில், மழையால் வேலை குறைந்து வண்டி ஊருக்கு வந்தது. கூண்டு ஒழுகியது. "தார்ப்பாய் போட்டுக்கோங்க, போதும்" என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டார். "நீ படிச்சதுல இதுக்கு ஏதாச்சும் இருக்குதா சாமி?" என்று அப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் படிக்கப் போன முதல் ஆள் நான். சாமான் வாங்கிய காசு அப்பாவின் சம்பளம். ஆகவே, பரீட்சையைவிட இதற்குத்தான் எனக்குப் பயம்.

நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை. கூரையில் வருடக்கணக்காக எம்-சீல் அப்பியிருந்தார்கள். தட்டினால் கல்! ஆனால் ஓரமெல்லாம் முடி போல விரிசல். காரணம் நம் வகுப்பில் படித்ததுதான். மேடு பள்ளத்தில் சேஸிஸ் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். மேலே உள்ள கூண்டும் கூடவே நெளியும். கல்லாக இறுகிய பசை நெளியுமா? சுவருக்குச் செய்கிற வைத்தியம் சக்கரத்தின் மேல் செல்லாது!

அத்தனையும் சுரண்டி எடுத்து, வெள்ளைத் தகடு தெரிய கம்பி பிரஷ் போட்டு, பிரைமர் அடித்து, ரப்பர் மாதிரி இழுபடும் பாலியூரித்தேன் சீலண்ட் வைத்தோம். இன்னொரு விஷயம். சொட்டுகிற இடத்தில் ஓட்டை இல்லை. முன்பக்க மூட்டில் நுழைந்த தண்ணீர் இரும்புச் சட்டத்தோடு ஓடி, பின்பக்கப் படுக்கையில் சொட்டியது. அங்கே படுப்பவன் சத்தீஸ்கர் பையன். அவனுக்கும் பதினெட்டு வயசுதான்.

ஒழுகலைவிட ஒயரிங்தான் என்னைப் பயமுறுத்தியது. லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். கூண்டின் லைட்டும் ஃபேனும் 12 வோல்ட் என்பதால் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்திருந்தார்கள். செலவு ஒன்றில், சார்ஜ் மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக. ஒன்றுக்குப் பட்டினி, மற்றதற்கு அஜீரணம்! "எனக்குப் பேட்டரி ராசியே இல்ல" என்று அப்பா அடிக்கடி சொல்வதன் ரகசியம் இதுதான்.

அதைவிட மோசம், ஃபியூஸே கிடையாது. தகட்டு ஓட்டையில் ரப்பர் இல்லாமல் நுழைந்த ஒயர், ஆடி ஆடித் தோல் உரிந்திருந்தது. கீழே பாயும் போர்வையும். அடுத்து டீசல் பேரல்!

24 வோல்ட் எல்இடி லைட்டும் ஃபேனும் மாற்றினோம். மொத்தம் 36 வாட். 24ஆல் வகுத்தால் 1.5 ஆம்பியர். அதைத் தாராளமாகத் தாங்கும் மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர், ஓட்டைக்கு ரப்பர் வளையம், பேட்டரி பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ்.

"லைட்டைக் காப்பாத்தறதுக்கா இது?" என்றார் அப்பா.

"இல்லப்பா, ஒயரை. ஒயர் சூடானாத்தானே தீப்பிடிக்கும்."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கடைக்குப் போய் ஸ்பேர் ஃபியூஸ் பத்து வாங்கி வந்து, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார்!

புரட்டாசியில் வண்டி கிளம்பியது. பத்து நாள் கழித்து ராத்திரி போன். அங்கே தகரத்தில் மழை அடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. "ஒரு சொட்டு இல்ல சாமி. பையன் நல்லாத் தூங்கறான்" என்றார்.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் பழைய வண்டியோ, தறியோ, தண்ணி மோட்டாரோ இருக்கும். அதை நம்பித்தான் நமக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். இந்த லீவில் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். முதலில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு