தயங்கியது காடியா, அப்பாவின் காலா?

பழைய காடி வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் தெரிந்திருக்கும். நின்ற இடத்தில் இன்ஜின் சீராக ஓடும். ஒரே வேகத்தில் போகும்போதும் குறை சொல்ல முடியாது. ஆனால் முச்சந்தியில் நின்றுவிட்டுச் சட்டென்று எண்ணெய் மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல் நிற்கும். பிறகு தூக்கிப் போட்டதுபோல் பாயும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் செம்பனை லாரி அந்த ஒரு விநாடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும்.

பீடோரில் எங்கள் வீட்டுக் காடி டட்சன் 120 வை. 1171 சிசி இன்ஜின், கார்பரேட்டர். அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கியது. அவருக்கு இப்போது 74 வயது. தாப்பாவுக்கு மருந்து வாங்கப் போவதும், கோயிலுக்கும் சந்தைக்கும் போவதும் அந்தக் காடியில்தான். சில மாதங்களுக்கு முன்பு, எங்கள் தாமானிலிருந்து பழைய ஈப்போ சாலையில் ஏறும் இடத்தில் காடி இப்படி ஒரு கணம் தயங்க, பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே ஒதுங்கிப் போயிருக்கிறது. அம்மாதான் பதறிப்போய் அண்ணனுக்குப் போன் செய்தார்.

அண்ணன் ஈப்போவிலிருந்து வந்தார். “அப்பா, காடி ஓட்டினது போதும். கால் பழையபடி வேலை செய்யல” என்றார். அப்பா வாதாடவில்லை. சாவியை எடுத்துச் சாமி மேடையில் வைத்துவிட்டார். தோட்டத்தில் அத்தனை பேருக்குச் சம்பளக் கணக்கு எழுதிய மனிதர், அன்றிலிருந்து மருந்து வாங்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காத்திருந்தார்.

நான் வானொலி அறிவிப்பாளர். கேட்பதுதான் என் தொழில். ஒலிப்பதிவில் இரண்டு சொற்களுக்கு நடுவே அரை விநாடி கூடினாலும் காது பிடித்துவிடும். கூடியது பேசியவராலா, கருவியாலா என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான். அந்தச் சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து வந்ததும் சாவியை எடுத்தேன். நான் ஓட்டினேன், அதே தயக்கம். அண்ணனை ஓட்டச் சொன்னேன், அவருக்கும் அதே தயக்கம். நாற்பது வயதுக் காலுக்கும் எழுபத்து நான்கு வயதுக் காலுக்கும் காடி ஒரே பதிலைத்தான் சொன்னது.

காரணம் கண்டுபிடிக்க ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பானெட்டைத் திறந்து பார்த்த கையோடு, “கார்பரேட்டரே புதுசு மாத்தணும்” என்று பல நூறு ரிங்கிட் கேட்டார்கள். ஒரு சோதனைகூடச் செய்யவில்லை. வேண்டாம் என்று திரும்பி, எங்கள் வரிசையிலேயே இருக்கும் மாமாவிடம் போனோம். அந்தக் காலத்துப் போமென்; பட்டறையை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன.

அவர் காடியைத் தொடுவதற்கு முன்பு கேள்விகள் கேட்டார். “மெதுவா மிதிச்சா தயங்குதா?” இல்லை. “காலையில ஸ்டார்ட் பண்ணினதும் மட்டுமா, சூடானப்புறம் மட்டுமா?” எப்போதும். “மேடு ஏறும்போது இழுக்க முடியாம திணறுதா?” இல்லை. நேர்காணல் எடுக்கும் எனக்கே அவர் கேட்ட வரிசை பிடித்திருந்தது. மேட்டில் திணறினால் பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் சந்தேகிக்க வேண்டும். குளிரில் மட்டும் என்றால் சோக். சூட்டில் மட்டும் என்றால் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் கொதிக்கிறது. எதுவுமில்லாமல் சட்டென்று மிதிக்கும்போது மட்டும் தயங்கினால், முதலில் பார்க்க வேண்டியது எக்சிலரேட்டர் பம்ப்.

அது ஏன் இருக்கிறது என்பதையும் மாமாவே விளக்கினார். மிதித்தவுடன் கார்பரேட்டரின் கதவு திறக்கிறது. காற்று லேசானது, பாய்ந்து உள்ளே போய்விடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். போதாததற்கு, உள்ளே வெற்றிடம் குறைவதால் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆக, ஒரு கணம் இன்ஜினுக்கு வெறும் காற்றுதான் அதிகம் கிடைக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப, மிதியோடு இணைந்த ஒரு சின்னப் பிஸ்டன் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும். மோரிஸ் மைனரில் இருந்த எஸ்யூ கார்பரேட்டரில் இந்தப் பம்ப்பே கிடையாது. தலையிலிருக்கும் மூடியைத் திருகி, கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும். அந்த எண்ணெய் உள்ளிருக்கும் பிஸ்டன் சட்டென்று எகிறாமல் பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படும். எண்ணெய் வற்றினால் அதுவும் இதேபோல் தயங்குமாம். 1985 ஜூலை 9 அன்று வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும் கார்பரேட்டர் காடிதான். இன்றைய காடிகளில் இந்த வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்துக் கார்பரேட்டரின் தொண்டைக்குள் பார்க்க வேண்டும். (ஓடும்போது முகத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்; நெருப்பு திருப்பி அடிக்கலாம். பக்கத்தில் சிகரெட்டும் கூடாது.) கையால் கதவைத் திறந்தால், அந்த நொடியே ஊசி போட்டதுபோல் நேராக ஒரு தாரை பாய வேண்டும். எங்கள் காடியில் கதவு பாதி திறந்தபிறகு இரண்டு சொட்டு வடிந்தது. அவ்வளவுதான்.

மாமா பிஸ்டனை வெளியே எடுத்துக் காட்டினார். அதன் நுனியில் இருந்த சின்ன ரப்பர் கிண்ணம் கல்போல் இறுகி, ஓரம் சுருங்கியிருந்தது. பெட்ரோல் முன்னால் பாயாமல் பக்கவாட்டில் நழுவியிருக்கிறது. “ரப்பர் தோட்டத்துக் காடிக்கு ரப்பர்லதான் வியாதி” என்று அம்மா சிரித்தார். ஆனால் அது பால்மரத்து ரப்பர் இல்லை. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும் என்பதால் இந்த வேலைக்குச் செயற்கை ரப்பர்தான்.

ஈப்போவில் பழைய சாமான் கடையொன்றில் கார்பரேட்டர் கிட் கிடைத்தது, 45 ரிங்கிட். கிண்ணத்தை மாற்றினார், துளைகளைச் சுத்தம் செய்தார். தாரை நேராகப் பாய்ந்தது. ஓட்டிப் பார்த்தோம். பெரிய தயக்கம் போய்விட்டது. ஆனாலும் மிதித்த தொடக்கத்தில் ஏதோ ஒரு மந்தம். அண்ணன் “இது போதும், மாமா” என்றார். எனக்குக் காது சும்மா இருக்கவில்லை, மாமாவுக்கும்தான்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றி, “உறிஞ்சிப் பாரும்மா” என்றார். உறிஞ்சினேன். காற்று தாராளமாக வந்தது. வரக்கூடாது, அந்தப் பக்கம் அடைப்பட்டிருந்து, நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். கதவு லேசாகத் திறக்கும்போது அந்தக் குழாய் வழியாக வெற்றிடம் இழுத்து, தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே விழச் செய்யும். குழாய் வெடித்திருந்தால் பொறியும் முந்தாது, வெளிக்காற்றும் உள்ளே புகும். கதவு மூடியிருக்கையில் அங்கே வெற்றிடம் இல்லாததால், நிற்கும்போது எந்தக் குறையும் தெரியாது. ஓரடிக் குழாய், சில ரிங்கிட்டில் முடிந்தது.

முச்சந்தியில் அப்பாவையே ஓட்டச் சொன்னோம். பின்னிருக்கையில் அண்ணன். காடி கேட்டவுடன் கிளம்பியது. அண்ணன் பேசவில்லை, வீட்டுக்கு வந்ததும், “சரிப்பா, உங்க கால்ல ஒண்ணுமில்ல” என்று மட்டும் சொன்னார்.

அப்பாவிடம் ஒரு தடித்த குறிப்பேடு உண்டு. காடி வாங்கிய நாளிலிருந்து மாற்றிய ஒவ்வொரு சாமானும் கிராணிக் கையெழுத்தில் இருக்கும். அன்று மாலை அதில் எழுதிக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்: “கால் நல்லாத்தான் இருக்கு. ராத்திரியில எதிர் வெளிச்சம்தான் கண்ணைக் கூசுது. ஒரு வருஷமா.”

அவர் தானாகச் சொன்னது அது. சாவி சாமி மேடையிலேயே கிடந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அடுத்த மாதம் கண் பரிசோதனைக்குத் தேதி கிடைத்திருக்கிறது; அண்ணன் அழைத்துப் போகிறார். அதுவரை தாப்பாவுக்குப் பகலில் மட்டும், மழை இல்லாதபோது மட்டும். இரவுக் கோயில் பூசைக்கு மாமாவின் காடியில் போய்க்கொள்கிறார்.