பச்சை உப்பும் பசுமைப் பட்டாசும்

ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர்களுக்கென அகராதி எழுதுவோர் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுக்கு வரையறைச் சொற்றொகை என்று பெயர். அகராதியில் எத்தனை ஆயிரம் சொற்கள் இடம்பெற்றாலும், அவற்றுக்குப் பொருள் கூறும் வாக்கியங்களை முன்கூட்டியே தேர்ந்த ஒரு சிறு தொகுதிச் சொற்களால் மட்டுமே எழுத வேண்டும் என்பது அதன் விதி. இதற்கு விதை விழுந்த இடம் டாக்கா. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராயிருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசுவதைவிடப் படிப்பதே முதலில் பயன்படும் என்று கருதி எளிய சொற்களாலான வாசிப்பு நூல்களை எழுதினார். அந்த உழைப்பின் தொடர்ச்சியாக 1935இல் எண்டிகாட்டுடன் சேர்ந்து வெளியிட்ட அகராதியில் ஏறத்தாழ 24,000 பதிவுகளை 1,490 சொற்களைக் கொண்டே விளக்கிக் காட்டினார். 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி அந்தத் தொகையைச் சுமார் 2,000ஆக வைத்துக்கொண்டு அதே வழியில் நடந்தது.

முன்னோர் வழி வேறாக இருந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நிகண்டு ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் செய்யுளில் அடுக்கித் தந்ததால், தெரியாத சொல்லுக்குத் தெரியாத சொற்களே துணைக்கு வந்து நிற்பதும் உண்டு. 1755இல் ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜான்சனோ, வலைப்பின்னல் என்ற சாதாரணச் சொல்லுக்கு அதைவிடக் கடினமான லத்தீன் வழிச் சொற்களால் பொருள் எழுதி இன்றுவரை கேலிக்கு ஆளாகி வருகிறார். அவற்றோடு ஒப்பிட்டால் வெஸ்ட்டின் முறை பெரிய கருணை என்பதில் ஐயமில்லை. ஆனால் எளிமை என்பது இங்கே ஆங்கில நூல்களில் ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையே பெரும்பாலும் கொண்டு அளக்கப்படுகிறது. படிப்பவர் எந்த ஊரில், என்ன தொழில் நடக்கும் வீட்டில் இருக்கிறார் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் இந்த இடைவெளி நன்றாகத் தெரியும். 'பல்ஸ்' என்ற சொல்லுக்குக் கற்போர் அகராதி முதலில் நாடித் துடிப்பைச் சொல்லும். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்து வாழும் குடும்பத்துக்கு அது துவரையும் உளுந்தும் பாசிப்பயறும். 'ஃபியூஸ்' என்றால் மின்சாரம் மிகும்போது உருகி அறுந்துபோகும் கம்பி என்று அகராதி தொடங்கும், சிவகாசியிலோ அது திரி. 1987இல் பர்மிங்காமில் ஜான் சின்கிளேர் குழுவினர் உருவாக்கிய கோபில்ட் அகராதி, சொல்லை முழு வாக்கியத்துக்குள் வைத்தே பொருள் சொல்லும் புதுமுறையைக் கொண்டுவந்தது. பட்டாசுத் தொழிலாளி எவரும் திரியை விளக்க வேண்டி வந்தால், அதில் நெருப்பு வைத்தால் மெல்ல எரிந்துபோய் உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும் என்று அகராதி எதையும் பார்க்காமலே அந்த முறையில்தான் சொல்லியிருப்பார். அவர் சொல்லும் மருந்து நோய் தீர்ப்பதன்று, வெடிக்கும் கலவை.

வேடிக்கை மிகுந்தது 'ஃபிளவர் பாட்'. புஸ்வாணப் பெட்டியின் மேல் அச்சாகும் இப்பெயரின் இரண்டு சொற்களும் எந்த எளிய பட்டியலிலும் இடம்பெறத் தக்கவை. சேர்த்துப் பார்த்தால் செடி வளர்க்கும் தொட்டி என்றே அகராதி கூறும், அதில் பொறி பறக்காது. தமிழிலோ அதே பெயர் தடையின்றிப் பொருந்துகிறது. சில ஊர்களில் புஸ்வாணத்துக்குப் பூச்சட்டி என்றே பெயர். அம்மன் கோயில்களில் தீ மிதிக்கும் குழியைப் பூக்குழி என்றும், விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் பல்லாயிரம் பேர் ஏந்திவரும் அக்கினிச் சட்டியைப் போன்றவற்றைப் பூச்சட்டி என்றும் சொல்லிப் பழகிய தென்மாவட்ட மக்களுக்கு நெருப்பைப் பூவென்று கேட்பதில் வியப்பு எதுவும் இல்லை. அகராதிக்காரர் 2,000 சொற்களைக் கையில் வைத்திருந்தும் எட்ட முடியாத இந்த உறவு, அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களின் நாவில் இயல்பாகவே இருக்கிறது.

இவையெல்லாம் சிரித்துக் கடக்கத் தக்கவை, 'கிரீன்' அப்படியன்று. பேரியம் நைட்ரேட் வெண்ணிறப் பொடிதான் என்றாலும், பேரியம் சேர்ந்த தீ பச்சையாக ஒளிர்வதால் தொழிலில் அதற்குப் பச்சை உப்பு என்று பெயர். நிறத்துக்காக மட்டுமின்றி, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவதற்காகவும் கம்பி மத்தாப்பு முதலியவற்றில் அது நெடுங்காலம் சேர்க்கப்பட்டு வந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியோடு பேரியம் உப்புகளையும் தடைசெய்து, மாசு குறைந்த 'கிரீன் கிராக்கர்' வகைகளுக்கு மட்டுமே இடமளித்தது. ஆங்கிலத்தில் இதைப் படிக்கும் கற்போர், புல்லின் நிறம் என்று தாம் முதல் வகுப்பில் கற்ற சொல்லைக் கொண்டு, பச்சையாக எரியும் பட்டாசுக்கே அனுமதி என்று கருதினால் குற்றம் அவர்களுடையதன்று. 'கிரீன்' ஆக வேண்டுமானால், கிரீன் நிறம் தரும் உப்பை எடுத்துவிட வேண்டும் என்பதே உண்மை நிலை. தமிழ்ச் செய்தியாளர்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்த இரு சொற்களைப் பிரித்துக்கொண்டு, தடைபட்டதைப் பச்சை உப்பு என்றும் அனுமதி பெற்றதைப் பசுமைப் பட்டாசு என்றும் எழுதியதால், ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் திணித்து வைத்த முரண் தமிழில் எழவே இல்லை.