கைத்துப்பாக்கியும் உத்தரவாதச் சீட்டும்

எந்தச் சாமானை வாங்குவதானாலும் அதன் தரம் என்ன, செய்தவன் கொடுக்கும் உத்தரவாதம் என்ன, கொடுக்கிற காசுக்கு அது பெறுமா என்று மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டுமென்பது தோட்டக் கிராணி உத்தியோகம் எனக்குக் கற்பித்த பாடம். மருந்தடிக்கும் பம்பானாலும், புல் வெட்டும் யந்திரமானாலும், அதனுடன் வரும் சீட்டிலுள்ள ஆங்கிலப் பொடியெழுத்தைப் படித்துப் பொருள் சொல்வது, கிள்ளான் பக்கத்திலுள்ள எங்கள் தோட்ட ஆபீசில் என் வேலையாகவே இருந்து வருகிறது. ஆகவே பிரிக்பீல்ட்சில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வாலிபர் சிலர், "அண்ணே, கைத்துப்பாக்கியில் எந்தக் கம்பெனி உசத்தி?" என்று கேட்டபோது, அதைச் சினிமாப் பேச்சென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பழைய கியாதியெல்லாம் சுழல் துப்பாக்கிக்கே. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து வெப்ளி ஆகியவை அதில் பெயர் பெற்றவை. ஒரு தோட்டா வெடிக்காமற் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும். உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். வெப்ளியின் மாதிரியைத் தழுவி பிரிட்டிஷ் சர்க்கார் தன் என்பீல்டு தொழிற்சாலையிலேயே துப்பாக்கி செய்துகொள்ள, அக்கம்பெனி தன் உழைப்புக்குக் கூலி கேட்டு வழக்காட நேர்ந்தது. (நம் பாட்டன்மார் மிதித்த பி.எஸ்.ஏ. சைக்கிளும் பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனியின் சரக்கே. முத்திரையிலேயே மூன்று துப்பாக்கிகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்.) 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் வேறு ஜாதி. உடற்பாகம் பிளாஸ்டிக், கூட்டில் பதினேழு தோட்டாக்கள். நமது புழுக்கத்தில் பழைய எஃகு எண்ணெய் காணாவிட்டால் துருவேறிவிடும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலை இல்லை.

உத்தரவாதத்தில்தான் வேடிக்கை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முதலில் வாங்கியவருக்கு ஆயுள் முழுதும் பழுது பார்த்துத் தருவதாகச் சொல்லுகிறது. கிளாக் அமெரிக்காவில் ஓராண்டோடு நிறுத்திக்கொள்கிறது. ரூகர் கம்பெனியோ 1975ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்தைக் காரணம் காட்டி எழுத்து மூலம் ஒன்றுமே கொடுப்பதில்லை. ஆயினும் பழுதானதைச் சரிசெய்து கொடுப்பதில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. எழுதிக்கொடுத்துவிட்டுக் கைவிரிக்கும் வியாபாரிகளைப் பார்த்துச் சலித்த எனக்கு இது பிடித்தது.

ஆனால் 'முதலில் வாங்கியவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நமது நாட்டில் அவர் யார்? 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்சு இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. சாதாரண மனிதனுக்கு அது எளிதில் கிட்டுவதுமில்லை. 1971ஆம் வருஷத்துச் சட்டமோ, கள்ளத்தனமாக வைத்திருப்பவனுக்குப் பதினான்கு வருஷம் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. கம்பெனிப் பட்டியலில் காணும் விலையோடு இதையும் சேர்த்தல்லவா கணக்குப் போட வேண்டும்?

அந்தக் கணக்கில் மிகக் கொடிய தொகையைக் கொடுத்தவர் ஒரு தமிழர். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ்.ஏ. கணபதி. 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று; அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1949 மார்ச்சில் ரவாங் அருகே கணபதி கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். அதைப் போலீசில் ஒப்படைக்கவே கொண்டுபோனதாக அவர் சொன்னது எடுபடவில்லை. இந்திய சர்க்கார் பரிந்து பேசியும் பயனில்லை. மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்திய நாள்தான் அவருடைய தொழிற்சங்கத் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அது எந்தக் கம்பெனித் துப்பாக்கி, சுடுமா சுடாதா என்பதெல்லாம் தீர்ப்பின் கனத்தைக் குறைத்திருக்கப் போவதில்லை. அதே காலத்தில் தோட்டத்துத் துரைமார் லைசென்சோடு இடுப்பில் துப்பாக்கி கட்டிக்கொண்டு பால்மரங்களுக்கிடையே நடந்தார்கள். அவர்களுக்கும் உயிர்ப்பயம் இருந்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் வெள்ளைத் துரைமார் மூவர் கொல்லப்பட்டது பொய்யல்ல. அவர்கள் கையில் அது தற்காப்பு. கணபதி கையில் அது தூக்குக்கயிறு.

புடு சிறை 1996இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று பெரிய கடைத்தொகுதி எழும்பியிருக்கிறது. அங்கே எதை வாங்கினாலும் உத்தரவாதச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். கிளாக், கோல்ட் என்று கம்பெனிப் பெயர்களை ஒப்பிக்கும் நம் வாலிபர்களில் எத்தனை பேருக்குக் கணபதியின் பெயர் தெரியும்?