மாடிசன் நதியில் ஈத்தூண்டில்

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு சிற்றாறுகள் சங்கமிக்குமிடத்தில் பிறந்து, மாண்டானா மாநிலத்தின் மலைகளினூடே வடக்கு நோக்கி இறங்கி, முடிவில் ஜெபர்சன், கலட்டின் நதிகளோடு கூடி மிசௌரி மாநதியாகிவிடுகிற மாடிசன் ஆறு, எனிஸ் என்னும் சிற்றூருக்கு மேலே ஏறக்குறைய ஐம்பது மைல் தூரம் ஒரே சலசலப்பாக ஓடுகிறது. ஆழம் அதிகமில்லை, வேகம் உண்டு. ஒவ்வொரு பாறையின் பின்புறமும் பிரவாகம் சற்றே தளர்கிற இடத்தில் டிரௌட் மீன் எதிர்முகமாக நின்றுகொண்டு, மிதந்து வரும் பூச்சிகளை எதிர்பார்த்திருக்கும்.

நான் போனது ஆகஸ்டு மாதக் கடைசியில். கரைப்புல் காய்ந்து, பிற்பகற் காற்று எழும்பியவுடன் வெட்டுக்கிளிகள் நிலைதவறி ஜலத்தில் விழுகிற காலம் அது. அந்த வெட்டுக்கிளியின் பிரதிமையொன்றைத் தூண்டில் முள்ளின்மேல் கட்டுவதற்கென்றே அங்கே தொழிலாளிகள் இருக்கிறார்கள். எனிஸில் ஒரு கடையின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முதியவர், சிறு கிடுக்கியில் முள்ளை இறுக்கி, மஞ்சள் நுரைரப்பரை உடலாக வைத்து நூலால் சுற்றி, எல்க் மானின் ரோமத்தைச் சிறகாகவும் ரப்பர் இழைகளைக் கால்களாகவும் சேர்த்துக் கட்டி முடித்ததைப் பார்த்தபோது, மேஜைமேல் அது துள்ளிவிடுமோ என்று தோன்றியது. காலை வேளைக்கு வேறு பூச்சி: எறும்பினும் சிறிய ஈயின் சாயலில், சேவற்கழுத்து இறகைச் சுற்றிச் செய்வது. இறகின் விறைப்பால்தான் அது மூழ்காமல் மிதக்கிறது. அமெரிக்கர்கள் இதற்கென்றே தனிச்சாதிக் கோழிகளை வளர்க்கத் தொடங்குமுன், இந்த இறகுகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலேறிப் போனதாம். நம் ஊர்ச் சேவல்களுக்கு இப்படியொரு கீர்த்தி!

இப்படிக் கட்டிய போலிப் பூச்சி எதுவானாலும் ‘ஈ’ என்பதே பெயர். ஈக்குக் கனமில்லை, ஆதலால் அதை எறிய முடியாது. கனமெல்லாம் கயிற்றில் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசி அக்கயிற்றை ஆகாயத்தில் விரியச் செய்தால், அதன் நுனியிலுள்ள மெல்லிய நரம்பு ஈயைக் கொண்டுபோய் ஜலத்தின்மேல் வைக்கிறது. எறிவதைச் சில மணி நேரத்தில் ஒருவாறு கற்றுவிடலாம். கடினமானது அதற்கு அப்புறம். நடு ஆற்றின் வேகமும் கரையோரத்தின் வேகமும் வேறானபடியால், கயிறு இழுபட்டு ஈ பக்கவாட்டில் ஓடும். கயிற்றோடு பிணைக்கப்படாத பூச்சி அப்படி ஓடுவதில்லை என்பது மீனுக்குத் தெரியும். கட்டுண்டதைக் கட்டற்றதாகத் தோன்றச் செய்வதே இக்கலையின் சாரம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் படகை ஓட்டிய பெண்மணி நதியின் ஓட்டத்துக்கு எதிராகவே துடுப்பு வலித்தார். படகு ஆற்றைவிட மெதுவாகப் போனால்தான் முன்னால் நிற்பவர் ஈயை நிதானமாக இட முடியும். நாள் முழுவதும் தோள் நோக வலிப்பவர் அவர். புகைப்படத்தில் மீனோடு நிற்பவர் விருந்தாளி. அதைப் பற்றி அவருக்குத் துளியும் வருத்தமிருந்ததாகத் தெரியவில்லை. எதிர்முள் நசுக்கப்பட்ட முள்ளைக் கழற்றி, கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரைவிட்டு அதிகம் உயர்த்தாமலே விடுவித்து அனுப்புவதில்தான் அவருடைய கவனமெல்லாம்.

இங்குள்ள பழுப்பு டிரௌட் ஐரோப்பாவிலிருந்தும், வானவில் டிரௌட் பசிபிக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டவை. நம் நீலகிரியிலும் வானவில் டிரௌட் இவ்வாறே குடியேறியது. மீன் பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை ஆண்டுதோறும் விட்டால் ஆறு செழிக்குமென்றே எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர் இதே நதியில் ஆராய்ந்து, அவ்வாறு விடாத பகுதிகளில்தான் இயற்கையாய்ப் பிறந்த மீன்கள் பெருகுகின்றன என்று காட்டினார். அதன்மேல் 1974-ல் மாண்டானா, இயற்கை டிரௌட் வாழும் ஆறுகளில் குஞ்சு விடுவதை நிறுத்தியது. 1994-ல் இந்நதியில் சுழல்நோய் என்ற ஒட்டுண்ணி வியாதி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது; அதனால் வானவில் டிரௌட் வெகுவாக அழிந்தது. அந்த ஒட்டுண்ணியோடு ஐரோப்பாவிலேயே பழகிய பழுப்பு டிரௌட் பெரும்பாலும் தப்பியது.

இப்போது பயம் வெப்பத்தைப் பற்றியது. சூடான ஜலத்தில் பிராணவாயு குறைவு. போராடிக் களைத்த மீன் விடுவித்தபின்னும் இறந்துபோகக்கூடும். ஆகவே நதியின் உஷ்ணம் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டிலிடத் தடை போடுகிறார்கள். காற்றெழுந்து வெட்டுக்கிளி விழுகிற நல்ல நேரம் அதோடு போய்விடுகிறது. அரை நாளுக்கு எதற்கு முழுப் பணம் என்று கடை வாசலில் ஒரு கனவான் வாதாடிக்கொண்டிருந்தார்; அந்த வாதம் எனக்குச் சற்றும் நியாயமாகப் படவில்லை.

கோடைக் கடைசியில் அங்கே போக எண்ணும் அன்பர்கள் விடியுமுன் படகேறச் சித்தமாயிருங்கள். தடை இல்லாத நாளிலும் படகோட்டி உஷ்ணமானியைப் பார்த்துப் போதுமென்றால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். கூலியை மட்டும் குறைக்காதீர்கள்.