ஒரு பெயரும் இருவரும்

கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என மூல வைகைக்கு எதிர்முகமாகச் செல்வோர் ஆங்காங்கே இலவமரத் தோப்புகளைக் காண்பர். அவ்வூர்களில் பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கம் இன்றும் உளது. ஆதலின் அண்ணன் மகனும் தம்பி மகனும் ஒரே பெயர் பூண்டு வாழ்தல் வியப்பன்று. தந்தையர் பெயர்களும் ஓரெழுத்தில் தொடங்கிவிடின் தலைப்பெழுத்தாலும் அவர்களைப் பிரித்தறிதல் இயலாது. ஊரார்க்கு இதனால் இடர்ப்பாடில்லை. ஒருவரைப் 'பட்டாளத்தார்' என்றும் மற்றவரைக் 'கிணற்றுமேட்டார்' என்றும் வழங்குவர். பழகிய தபால்காரரோ அனுப்பினவர் கையெழுத்தை நோக்கியே கடிதத்தை உரிய வீட்டிற் சேர்ப்பர்.

எம் சிற்றப்பனார் அப்பகுதியில் இலவம்பஞ்சு வாங்கி விற்பவர். அவர் குறிப்பேட்டிலிருந்த உழவர், லாரிக்காரர், சுமைதூக்குவோர் ஆகியோருடைய கைப்பேசி எண்களைக் கணினியிலேற்றிச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றினிடம் ஒப்புவிக்கும் பணியை யாம் மேற்கொண்டோம். முகவராவது, நாம் எளிய சொற்களில் இட்ட ஏவலைக் கேட்டு, தானே கருவிகளைத் தேர்ந்து வினைசெய்யும் மென்பொருள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தார் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் முறைமையின்படி, கருவியின் பெயர், அதன் விளக்கம், அதற்கு வேண்டும் உள்ளீடுகள் ஆகியவற்றையே முகவர்க்குக் காட்டுகின்றோம். கருவியின் உள்ளிருக்கும் நிரலை அது காண்பதில்லை. மாற்றலாகி நேற்று வந்த தபால்காரரை ஒத்தது அது. உழைப்பிற் குறைவில்லை, ஊர் அறியாது.

யாம் அமைத்த கருவிகள் நான்கு: தேடு, சேர், திருத்து, இணை. இறுதியானதற்கு, 'ஒருவரைப் பற்றிய இரு பதிவுகளை ஒன்றாக்கும்' என ஒரு வரி எழுதி, இதனினும் தெளிவு வேண்டுமோ என மகிழ்ந்திருந்தோம். ஒருநாள், இரட்டைப் பதிவுகளைக் களையுமாறு ஏவினோம். மேற்கூறிய வகையினரான உடன்பங்காளிகள் இருவரை முகவர் ஒருவராக்கி, பழைய எண்ணை நீக்கிவிட்டது. பெயர், தலைப்பெழுத்து, ஊர் மூன்றும் ஒத்திருக்க, அது வேறென் செய்யும்? சித்திரையில் லாரி வரும் நாளை அறிவித்த செய்தி ஒருவர்க்கே சென்றது. மற்றவர் பஞ்சு மூட்டைகளைத் தோட்டத்துக் களத்திலே அடுக்கிவைத்துக் காத்திருந்தார். மறுநாள் கோடைமழை கொட்டிற்று. நனைந்த பஞ்சுக்கு விலை ஏது? அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறிற்றிலர், "என் பேரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டீர்களா, தம்பி?" என்று மட்டும் வினவினார்.

அன்றிரவே விளக்கத்தை மாற்றி எழுதினோம். 'பெயரும் தலைப்பெழுத்தும் ஊரும் ஒத்திருத்தல் ஒரே ஆள் என்பதற்குச் சான்றாகாது. இவ்வூர்களில் பங்காளிகள் ஒரே பெயருடையராயிருப்பர். கைப்பேசி எண் ஒத்திருத்தலும் போதாது. ஒரு கைப்பேசியை ஒரு வீட்டார் பலர் வைத்திருப்பதுண்டு. பட்டப்பெயரையும் தெருவையும் ஒப்பிட்டுப் பார்க்க. இரு பதிவுகளையும் உரியவரிடம் காட்டி, அவர் இசைந்தாலன்றி இணைக்கவேண்டா.'

எழுதும்போதே வேறு பிழைகளும் புலப்பட்டன. உள்ளீடொன்றிற்கு 'எண்' என்றே பெயரிட்டிருந்தோம். தமிழில் அச்சொல் கைப்பேசி எண்ணையும் குறிக்கும், பதிவின் வரிசையெண்ணையும் குறிக்கும். முகவர் சிலபோது ஒன்றிற்கு மற்றொன்றை இட்டது எதனாலென்பது அப்பொழுதே விளங்கிற்று. இப்பொழுது அவை 'கைப்பேசி எண்', 'பதிவுக் குறியெண்' என வேறாயின. முன்னது நாட்டெண் நீங்கலாகப் பத்திலக்கம் என்பதும் சேர்க்கப்பட்டது. தேடும் கருவியில், வருசநாடு, வருஷநாடு என இருவகையாகவும் எழுதுவோர் உளர் என்பதைக் குறித்தோம். சேர்க்கும் கருவிக்கு இரண்டு வரிகளே போதுமாயின. எல்லாவற்றையும் நீட்டின் முகவர் படிக்கும் சுமையே மிகும்.

விளக்கம் அறிவுரையேயன்றிப் பூட்டாகாது. 2025 மார்ச்சில் வந்த அம்முறைமையின் பதிப்பில், ஒரு கருவி தரவை அழிக்கவல்லது எனக் குறிக்கும் அடையாளமும் உண்டு, அதுவும் குறிப்பளவே. ஆகவே இணைத்த பதிவுகளின் பழைய வடிவம் அழியாதிருக்க நிரலிலும் வழிசெய்தோம்.

சென்ற பங்குனியில் முகவர் மூன்று இணைகளை எம்முன் வைத்து வினவிற்று. அவற்றுள் இரண்டு மெய்யாகவே ஒருவரை இருமுறை எழுதியவை. மூன்றாவது, தந்தையும் மகனும் வைத்திருக்கும் ஒரே கைப்பேசி.